குணமதியார் செய்வித்த திருமேனி

19 ஜனவரி 2025, ஞாயிறு

காலை ஆறரைக்கே மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடி. அய்யனார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, தாமரைக் குளத்தில் கால் நனைத்து, சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை ஏறினேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால், பாறையில் வெட்டின வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும்.

இன்று ஒரு வரியை முழுதாகக் கூட்டிப் படித்துவிட்டேன். "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி." திருமேனி என்றால் இங்கே சிற்பம். அறிஞர்கள் எப்போதோ படித்து அச்சேற்றிய வரிதான். இருந்தாலும் 'தாயார்' என்ற சொல்லுக்கு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. ஆனைமலை, கொங்கர்புளியங்குளம், உத்தமபாளையம் என்று மலைக்கு மலை அவர் பெயர் கிடக்கிறது. அத்தனை பெரிய சமணத் துறவிக்கு ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கும் ஒரு பெயர்.

இறங்கும்போது எவனோ காதலி பெயரை ஆணியால் கிழித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். சிற்பத்துக்கு ஒரு சாண் தள்ளி. வயிறு எரிகிறது.

26 ஜனவரி, ஞாயிறு

சாமநத்தம் போனேன். கண்மாயில் கொக்கும் நாரையுமாக இருந்தது. கரையில் ஆடு மேய்த்த பெரியவர், "சமணர் ரத்தம்தான் தம்பி சாமநத்தம் ஆயிருச்சு, இங்கதான் கழுவுல ஏத்துனாங்க" என்றார். நத்தம் என்றால் குடியிருப்பு. அதில் ரத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியவரிடம் வாதாடவும் மனசு வரவில்லை.

இந்தக் கழுவேற்றம்தான் என்னைச் சின்ன வயதிலிருந்து பிடித்து ஆட்டுகிறது. பொற்றாமரைக் குளத்தங்கரையில் வைத்து அப்பத்தா சொன்ன கதை. சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணரும் கழுவேறினார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் சாடுகிறார். ஆனால் கழுவேற்றியதாக அவர் பாட்டில் ஒரு வரி இல்லை. கதையை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஐந்நூறு வருடம் பிந்தியது. இரண்டுக்கும் நடுவே, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டில், இதே மதுரையைச் சுற்றித் தீர்த்தங்கரர் என்ற சமணப் பெரியோரின் சிற்பங்கள் வரிசையாக வெட்டப்படுகின்றன. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்துக் கல்வெட்டு சமணர் மலையில் இருந்த சமணப் பள்ளியை மாதேவிப் பெரும்பள்ளி என்கிறது. எண்ணாயிரம் பேரைக் கொன்ற ஊரில் இருநூறு வருடம் கழித்து ஒரு அம்மா தைரியமாகத் தன் பெயரை வெட்டுவிக்கிறாள் என்றால், கொன்றார்களா? எண்ணாயிரம் என்பது தலைக்கணக்கா, ஒரு கூட்டத்தின் பெயரா? விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

பகை இருந்தது, அது நிச்சயம். எண்ணிக்கையை நான் நம்பவில்லை.

இன்னொன்று. சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரில் செட்டியார் என்கிறார்கள். மேலே சுனை இருக்கும் இடத்துக்குப் பேச்சி பெயர். சமணப் பெண் தெய்வமான இயக்கிதான் பேச்சி ஆனாளோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

29 ஜனவரி, புதன்

தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். அம்மாவால் படி ஏற முடியாது. செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"ஏப்பா, மகன் இருக்கும்போதே செஞ்சு வச்சாளா, போனப்புறமா?"

மூன்று வருடமாக அந்தப் பாறை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. கல்லில் அவ்வளவுதான் இருக்கிறது: அம்மா பெயர், மகன் பெயர், செய்வித்த திருமேனி.

ஞாயிற்றுக்கிழமை கொங்கர்புளியங்குளம் போகிறேன்.