மகளுக்கு 18 முடிந்ததும் நின்றுபோன ஜீவனாம்சம்

மகளுக்கு 18 முடிந்த அடுத்த மாதமே பாஸ்புக்கில் வழக்கமாக 12,000 ஏறும் இடத்தில் 6,000 மட்டும் ஏறியிருந்தது. பிள்ளைகளின் அப்பாவுக்கு போன் செய்து கேட்டால், "அவ மேஜர் ஆயிட்டா, இனி கொடுக்க வேண்டியதில்லைன்னு வக்கீல் சொல்லிட்டார்" என்று பதில். கோபம் வந்தது, ஆனால் விசாரித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி பலருக்குத் தெரியவில்லை, தெரியாமலே விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் கீழ் வாங்கியது. 2024 ஜூலை 1 முதல் அதே விஷயம், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆவது பிரிவாக இருக்கிறது. இதில் பையனோ பெண்ணோ, 18 வரைதான். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் மட்டும் அதற்குப் பிறகும் உண்டு. காலேஜ் படிக்கிறாள் என்பது அங்கே செல்லாது. உத்தரவில் பிள்ளைகளுக்குத் தலா 6,000 என்று தனித்தனியாக இருந்ததால் மகன் பணத்தில் அவர் கை வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகை என்று எழுதியிருந்தால் தானாகப் பாதியாக்க முடியாது, தொகையை மாற்றக் கேட்டு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் வக்கீல் மேடம். (மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாகக் கிடைத்தவர். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.)

அவர்தான் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அதில் 20(3)-இன்படி, தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாத கல்யாணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை 18-ஓடு முடிவதில்லை. படிப்புச் செலவும் பராமரிப்பில் சேரும், கல்யாணச் செலவும் சேரும். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அபிலாஷா என்ற பெண்ணின் வழக்கில், மேஜரான மகள் 125-இல் கேட்க முடியாது, 20-ஆவது பிரிவில் கேட்கலாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. இந்தச் சட்டம் இந்துக்களுக்கானது, பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்.

ஆனால் பழைய வழக்கை அப்படியே நீட்டிக்க முடியாது. குடும்ப நல நீதிமன்றத்தில் புது மனு, அதுவும் மகள் பெயரில். நான் இனி அவளுக்குக் கார்டியன் இல்லையே. வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) அவளே கையெழுத்துப் போட்டாள். பிறப்புச் சான்றிதழ், போனஃபைடு, கட்டண ரசீது, பழைய உத்தரவின் நகல் எல்லாம் கொடுத்தோம். அப்புறம் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம், உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் போட வேண்டியது. எங்கள் பிள்ளையுடையதில் பக்கம் பக்கமாக "இல்லை", "இல்லை" என்றுதான் இருந்தது. வருமானம் என்ற இடத்தில் மட்டும் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்ததற்காக வருகிற அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, "மனுதாரருக்கு வருமானம் இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு வாதாடியதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பஸ் பாஸ், ஹாஸ்டல் மெஸ் பில்லை வக்கீல் மேடம் நீட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

வாய்தா மேல் வாய்தா போய், இடைக்கால உத்தரவாக மாதம் 5,000-மும் கல்லூரிக் கட்டணத்தில் பாதியும் கிடைத்தது. மெயின் வழக்கு இன்னும் நடக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆனாலோ, தன்னைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதிக்கத் தொடங்கினாலோ இதுவும் முடிந்துவிடும், அது நியாயம்தான்.

இன்னொன்று, 18-க்கு முன்னால் கொடுக்காமல் விட்ட மாதங்களின் பாக்கி அப்படியே நிற்கும், பிறந்தநாள் வந்ததால் அது தள்ளுபடி ஆகாது. ஆனால் பாக்கியை வசூலிக்க 125-இல் வாரண்ட் கேட்க வேண்டுமென்றால், அந்தந்த மாதத் தொகை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். சும்மா பொறுத்துப் போனால் பணம் கைநழுவும்.

மகன் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 20(3) பிள்ளைகளில் மகளுக்கு மட்டும், அவனுக்கு 18-ஓடு சரி, அப்போது அவன் டிப்ளமோ நடுவில் இருப்பான். 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 கொடுக்கச் சொன்னது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மீடியேஷனில் (சமரசப் பேச்சில்) "டிப்ளமோ முடியும் வரை" என்று எழுத்தில் வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல் மேடம். கேட்டு அனுப்பியிருக்கிறோம், பிள்ளைகளின் அப்பா தரப்பிலிருந்து இன்னும் பதில் இல்லை.