ஃபோஷான் பிள்ளைகளின் ஆங்கிலம்

ஃபோஷானுக்கு நாங்கள் வந்தது டைல்ஸ் வியாபாரத்தால். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், குவாங்சோவை ஒட்டிக்கொண்டே இருக்கும் ஊர் இது. இரண்டு ஊருக்கும் நடுவில் 2010 முதல் மெட்ரோ ஓடுகிறது. தரை ஓடு, குளியலறைச் சாமான் என்று வாங்கிப்போக எத்தனையோ நாட்டு வியாபாரிகள் வந்து போவார்கள். கணவருக்கு அந்த ஏற்றுமதித் தொழிலில் வேலை. எனக்கு என்ன வேலை என்பது மட்டும் வந்த பிறகும் கொஞ்ச காலம் முடிவாகவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே ஆங்கில ஆசிரியர் வேலை தேடுவது சுலபமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர்களைத்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில் என் படத்தைப் பார்த்ததுமே, பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலித்தது. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., திருநெல்வேலிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம், இவையெல்லாம் சேர்ந்து கடைசியில் மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கதவைத் திறந்தன. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு பேச்சு வகுப்பு, மூன்றாமாண்டு மாணவர்களுக்குக் கேட்டல், பேசுதல் தேர்வுக்கான பயிற்சி, மாதிரித் தேர்வு நேரத்தில் திருத்துவதற்கு உதவி. இதுதான் என் பொறுப்பு.

பள்ளி நாள் நீளமானது. விடிந்ததும் எல்லோரும் உரக்கப் படிக்கும் நேரம். ஐம்பது பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தை ஒரே சமயத்தில் வாசிப்பது தெரு வரை கேட்கும். மதியம் சாப்பிட்டதும் பள்ளி முழுக்கத் தூங்கும். ராத்திரி பத்து மணி வரைக்கும் வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பு. பாதிப் பேர் விடுதியில் இருப்பவர்கள். பலருக்கு வீட்டில் தாத்தா பாட்டியோடு கான்டனீஸ், வகுப்பில் மாண்டரின். அதற்கப்புறம்தான் ஆங்கிலம் வருகிறது. இந்தப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை எடை போட வருகிறவர்கள் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் வகுப்பில் கேள்வி கேட்டேன், ஒரு கையும் எழவில்லை. புதிதாக வருகிற வெளிநாட்டு ஆசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டு 'இவர்களுக்கு ஆங்கிலம் வராது' என்று சொல்லிவிடுவதைப் பிறகு நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் நான் படித்த விதம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு நல்ல மதிப்பெண். ஆனால் அதுவரை யாரும் என்னை எதிரே உட்கார வைத்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. கல்லூரியில் முதன்முதலாகக் கேட்டபோது மனசுக்குள் முழு வாக்கியமும் இருந்தது, வாய்க்கு வரவில்லை. அதனால் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

என்னோடு ஒரே அறையில் உட்காரும் மூத்த ஆங்கில ஆசிரியையிடம் அந்த வகுப்பின் விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசி வரிசையில் தலை குனிந்தே இருந்த பெண்ணின் தாளும் அதில் இருந்தது. ஒரு கதையின் தொடர்ச்சியை அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். காலம், இடம், யார் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதெல்லாம் துல்லியமாக.

கதையை வாசித்துத் தொடர்ந்து எழுதும் இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே எல்லாப் படிப்பும் காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கித்தான் போகிறது. ஜூன் 7, 8 தேதிகள் நாட்டுக்கே முக்கியமானவை. 2024இல் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர். 1977இல் இந்தத் தேர்வு மறுபடி தொடங்கியபோது ஆங்கிலத்துக்கு இப்போதிருக்கும் இடம் கிடையாது. படிப்படியாகக் கூட்டி, 1983இல்தான் அந்த மதிப்பெண்ணை முழுசாகக் கணக்கில் சேர்த்தார்கள். இப்போது சீனமொழிக்கும் கணிதத்துக்கும் சமமாக ஆங்கிலத்துக்கும் 150. ஜூன் 8 பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை நடக்கும். நாடு தழுவிய தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40. அந்த நாற்பதில் 25 மதிப்பெண் இந்தக் கதைத் தொடர்ச்சிக்குத்தான். சுமார் 350 சொல்லில் ஒரு கதையைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளுக்கும் முதல் வரியை மட்டும் தருவார்கள். மாணவர் 150 சொல்லில் முடிக்க வேண்டும். 2016இல் செஜியாங் மாகாணத்தில் ஆரம்பித்து, பிறகு மற்ற இடங்களுக்கும் வந்தது.

இது நல்ல கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். கொடுத்த கதையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தொடர முடியாது. வாசிப்பும் எழுத்தும் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. ஆனால் தேர்வு பழகப் பழக, கோபம் வந்தால் எழுத ஒரு வரி, அழுகைக்கு ஒரு வரி, கடைசியில் சூரிய ஒளி விழுவதற்கு ஒரு வரி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே வகுப்பில் பத்துத் தாள் திருத்தினால் பத்துக் கதாநாயகர்களுக்கும் கன்னத்தில் ஒரே மாதிரிக் கண்ணீர் உருளுகிறது. கையெழுத்தும் அப்படியே. ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுவெய் ஊர்ப் பள்ளியின் பெயரால் அறியப்படும் ஒரு பாணி இருக்கிறது. அச்சில் வார்த்தது போல, வட்ட வட்டமாக, சாய்வே இல்லாத எழுத்து. விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில்தான் திருத்துகிறார்கள், ஒருவருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு, அதனால் தெளிவான எழுத்துக்கு மதிப்பு உண்டு. பிள்ளைகள் இதற்கென்று தனியாகக் கோடு போட்ட நோட்டில் பயிற்சி எடுக்கிறார்கள். கதைத் தொடர்ச்சியை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவரிடம் போகும். அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எழுத்தில் மீதி 15 மதிப்பெண் கடிதம் மாதிரியான சின்ன எழுத்துக்கு. 'நீ லி ஹுவா என்று வைத்துக்கொள்' என்றுதான் கேள்வி ஆரம்பிக்கும். மாணவர் யாரென்று தாளில் தெரியக்கூடாது என்பதற்காக வைத்த பொதுப் பெயர். 1990களிலிருந்து லி ஹுவா வெளிநாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்: தேநீர் விழாவுக்கு அழைக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், கட்டுரை கேட்டு எழுதுகிறார். அந்த நண்பர் பதில் எழுதினால் இவர் என்ன சொல்வார் என்பதற்கு மட்டும் தேர்வில் இடமில்லை.

சரி, பேச்சுக்கு வருவோம். என் நேரம் முழுக்க அதில்தான் போகிறது. குவாங்டாங்கில் 2011 முதல் காவ்காவ் ஆங்கிலத்தில் கணினி வழியே கேட்டலும் பேசுதலும் சோதிக்கப்படுகின்றன. இப்போது 150இல் 20 மதிப்பெண் அதற்கு. மீதி 130 ஜூன் தாளுக்கு; இங்கே அந்தத் தாளில் கேட்டல் பகுதி கிடையாது. வழக்கமாக மார்ச் வாக்கில் நடக்கும். இந்த ஊரில் அது சுவரெல்லாம் வியர்க்கும் பருவம்; தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து தரையில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. கணினி அறை ஜன்னல்களை இறுக மூடிவிட்டுப் பயிற்சி கொடுப்போம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள்.

மூன்று பகுதி. முதலில் ஒரு சின்ன ஆவணப்படத் துண்டு ஓடும். அதிலுள்ள குரலோடு ஒட்டி வாசிக்க வேண்டும். அடுத்தது உரையாடல்: ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, திரையில் சீனத்தில் தந்திருக்கும் மூன்று கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், பிறகு கணினி கேட்கும் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில், இரண்டு முறை கேட்ட ஒரு கதையை இரண்டு நிமிடத்துக்குள் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வு இருப்பதால்தான் இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறக்கிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மதிப்பெண் இருக்கிற இடத்துக்குத்தான் பள்ளிக்கூடம் நேரம் ஒதுக்கும். பேச்சுக்கு மதிப்பெண்ணே இல்லாத மாகாணங்களில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்கள், அங்கே மூன்றாமாண்டில் பேச்சு வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். பெய்ஜிங் 2021 முதல் கேட்டலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து 50 மதிப்பெண் கொடுத்து, வருடத்துக்கு இரண்டு வாய்ப்பும் தருகிறது. மற்ற மாகாணங்களும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. மாணவர் கேள்வியை எப்படிக் கேட்டாலும், தப்பாகவே கேட்டாலும், கணினி தன் பதிவு செய்த பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா என்று பார்க்கும் பழக்கம் இதில் வராது. நான் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்த ஒரு மதியம், மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் உணவுக்கூடத்தில் என் மேசைக்கு வந்தான். இரண்டு நிமிடக் கதையைத் தடங்கலில்லாமல் திருப்பிச் சொல்லக்கூடியவன். 'இது என்ன? எப்படிச் செய்கிறீர்கள்? உங்கள் ஊரில் தினமும் சாப்பிடுவீர்களா?' என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு நின்றான். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிக்கலாம் என்பது அவனுக்குப் பழக்கமாகியிருக்கவில்லை. உட்காரச் சொல்லி, கொஞ்சம் சாதத்தையும் அவன் தட்டில் வைத்தேன். அப்புறம் பேச்சு தானாக நகர்ந்தது. கடுகைப் பற்றிக் கேட்டான், மஞ்சளைப் பற்றிக் கேட்டான், அவன் பாட்டி செய்யும் சூப்பைப் பற்றிச் சொன்னான்.

உச்சரிப்பு விஷயமும் என்னை யோசிக்க வைக்கிறது. முதல் பகுதி அந்தக் காணொளிக் குரலை அப்படியே பின்பற்றச் சொல்கிறது. என் ஆங்கிலத்தில் திருநெல்வேலி இருக்கிறது. அதை மறைக்க நான் முயன்றதில்லை. ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் இதை மரியாதையாகவே கேட்டார். நான் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன்: பிள்ளைகள் தேர்வுக்குக் காணொளிக் குரலைக் கேட்டுப் பழகுகிறார்கள், என்னிடம் பேசிப் பழகுகிறார்கள். நாளைக்கு இவர்கள் இதே ஃபோஷானில் டைல்ஸ் விற்கப் போனால், எதிரே உட்காருகிறவர் நைஜீரியாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அந்தத் தாய்க்கு ஷோரூம் இருக்கிறது. உடனே தலையை ஆட்டினார்.

மதிப்பெண் என்பது இங்கே எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு 2018 நவம்பரில் செஜியாங்கில் நடந்ததைச் சக ஆசிரியர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கே ஜூனுக்கு முன்பே நவம்பரிலும் வைத்த காவ்காவ் ஆங்கிலத் தாள் அந்த முறை கடினமாகிவிட்டது என்று, சில கேள்விகளின் மதிப்பெண்ணை அதிகாரிகள் திருத்திய பின் கூட்டிக் கொடுத்தார்கள். யாருக்கு எப்படிக் கூடியது என்று புரியாமல் மாணவர்களும் பெற்றோர்களும் கொதித்தார்கள். விசாரணை நடந்தது, டிசம்பர் முதல் வாரத்திலேயே அதை ரத்து செய்து, பழைய மதிப்பெண்ணையே கொடுத்தார்கள். மாகாணக் கல்வித்துறைத் தலைவர் பதவியிலிருந்து போக வேண்டியதாயிற்று. வருஷக்கணக்காக ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து படித்த பிள்ளைக்குத் தன் மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. கணினி பேச்சைத் திருத்துவதிலும் அதே உரிமை வேண்டும் என்பேன். இப்போது ஒரு எண் வருகிறது, ஏன் என்று வருவதில்லை.

ஒரு கோடிக்கு மேல் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச முடியாது, அது புரிகிறது. ஐம்பது பேரோடு முடியும். அதனால் இரண்டாமாண்டு வகுப்பில் ஒவ்வொருவரோடும் பருவத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் பேசுகிறேன். மதிப்பெண் இல்லை. மூன்றே விஷயம் குறித்துக்கொள்கிறேன்: புரியாதபோது திரும்பக் கேட்கிறாரா, சொல் கிடைக்காதபோது வேறு வழியில் சொல்லிவிடுகிறாரா, என்னிடம் ஏதாவது கேட்கிறாரா. ஏப்ரலில் கடைசி வரிசைப் பெண் வந்தாள். முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் நாளன்று ஊருக்குப் போனதைச் சொல்ல வந்தவளுக்குக் கல்லறை என்ற சொல் வரவில்லை. கொஞ்சம் நிறுத்தி, 'மலையில் தாத்தா படுத்திருக்கும் இடத்துக்குப் போய்ப் புல்லை வெட்டினோம்' என்றாள். பிறகு, உங்கள் ஊரில் தாத்தாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரைக்குப் போவதைச் சொன்னேன். ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

இதற்கு நேரம் வாங்குவதுதான் கஷ்டம். இரண்டாமாண்டு வகுப்பாசிரியர் வியாழக்கிழமை மாலைப் படிப்பில் ஒரு மணி நேரம் தந்தார். போன பருவம் பாதிப் பேரோடுதான் பேச முடிந்தது. இந்தப் பருவத்தில் என் அறையிலிருக்கும் மூத்த ஆசிரியையும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாதி வகுப்பை எடுத்துக்கொண்டார். அவர் குறிப்பைச் சீனத்தில் எழுதுகிறார், நான் ஆங்கிலத்தில். மாதக் கடைசியில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பல பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் இருவர் குறிப்பும் ஒத்துப்போகிறது. மாதத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒத்துப்போகாத பெயர்களைத் தனியாக எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாமாண்டுக்கும் நேரம் கேட்டிருக்கிறேன். மார்ச் தேர்வு முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.