5 நிமிடம் 55 விநாடி

"நீங்கள் பாட்டுக்கு ஓட்டுப் போடவில்லை அங்கிள், உங்கள் பதினாறு வயதுக்குப் போடுகிறீர்கள்."

இதைச் சொன்னபோது என் குரலில் கோபம் இல்லை. அது நன்றாக நினைவிருக்கிறது. கோபத்தோடு சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கோபத்தில் வந்த சொல்லை மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நான் யோசித்து, நிறுத்தி, நல்ல தமிழில் சொன்னேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். கம்பியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டினார். "ஆமாம் மகளே. வேறு எதற்குப் போடுவது?" என்று கேட்டார். அது சவாலாகக் கேட்டது அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. சற்று நின்று பார்த்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

2021 அக்டோபர் அது. எங்கள் வானொலியில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ராக் பாடல்கள் பத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். முந்திய மாதம்தான் ரோலிங் ஸ்டோன் இதழ் தன் 500 பாடல்களின் பட்டியலைப் புதிதாகப் போட்டிருந்தது. 2004 பட்டியலில் முதலிடத்தில் இருந்த பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' நான்காம் இடத்துக்கு இறங்கி, அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' மேலே வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்களுக்கு ராக் எவ்வளவு உயிர் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. இங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் காவடிக்குப் பால்குடம் எடுக்கும் வீட்டிலேயே டீப் பர்பிள் குழுவின் இசைத்தட்டும் இருக்கும். அதனால் நாமும் ஒரு பட்டியல் போடலாம் என்று முடிவானது. வரிசையை இறுதி செய்யும் பொறுப்பு என்னுடையது.

என் முதலிடம் குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி'. அவருடைய முதலிடம் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'அனதர் பிரிக் இன் த வால்', இரண்டாம் பகுதி.

அவர் எங்கள் ஒலி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அவருக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்த தமிழ்; எனக்குப் பாட்டியும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்து கொடுத்தது. மற்றவர்களோடு ஆங்கிலத்தில் வேலை பார்ப்பேன். அவரோடு மட்டும் தமிழில் சண்டை போடுவேன். ஒரு மொழியில் சண்டை போட ஆள் இருந்தால்தான் அந்த மொழி வாயில் உயிரோடு இருக்கும். அந்த ஆளிடம்தான் நான் அப்படிச் சொன்னேன்.

என் தரப்பு வலுவானது, இன்றும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1975-இல் நான்கு பேர் சேர்ந்து செய்த அந்தப் பாடலில் பல்லவி திரும்பி வருவதே இல்லை. மெதுவான பாட்டாகத் தொடங்கி, இசை நாடகத்துக்குள் போய், முழு ராக்காக வெடித்து, பிறகு மூச்சடங்கி முடிகிறது. அந்த நாடகப் பகுதிக்கு மூன்று பேருடைய குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். ஒரே நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் அதன் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்பார்கள். பாடியவர் ஃபரோக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர், பிறகு ஃபிரெடி மெர்க்குரி ஆனவர். இந்தியப் பெருங்கடலின் கரையில் பிறந்த நம்மைப் போன்ற ஒருவரின் குரல் உலகத்தின் உச்சியில் நின்றது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. வானொலிக்கு இது ஆகாது, குறைக்க வேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனத்தார் சொன்னபோது குழு மறுத்துவிட்டது. குறைக்காமலே வெளியாகி, பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்தக் கதையை நிகழ்ச்சியில் நானே சொன்னேன். ஒரு விநாடிகூட வெட்டவில்லை என்று அழுத்திச் சொன்னேன்.

"குரல் தங்கம்தான், யார் இல்லை என்றது?" என்றார் அவர். "அந்தத் தங்கத்தைக் கொண்டுபோய் எந்தக் கடையில் விற்றார் என்று பார்."

1984 அக்டோபரில் குவீன் சன் சிட்டியில் மேடையேறியதைத்தான் சொல்கிறார். போஃபுதட்ஸ்வானா என்று நிறவெறி அரசு வரைந்து வைத்த பொய்த் தேசத்துக்குள் கட்டிய சூதாட்ட மாளிகை. இந்த நாட்டில் பாடக் கூடாது என்று உலகக் கலைஞர்கள் விலகி நின்ற காலம். நான் உடனே 2003-ஐ எடுத்தேன். கேப் டவுனில் மண்டேலாவின் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கச்சேரியில் குவீன் குழுவின் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் வாசித்தார்களே, மண்டேலாவே ஏற்றுக்கொண்ட பிறகு நமக்கு என்ன? அவர் தலையை ஆட்டினார். "மண்டேலா மன்னித்தார். நானும் மன்னித்துவிட்டேன். மன்னித்தால் முதலிடமும் தர வேண்டுமா?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் எனக்கு அது தந்திரமாகத் தெரிந்தது. பாட்டைப் பற்றிப் பேச வந்தவர் அரசியலைப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவருடைய பாட்டை இசையாக மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பிங்க் ஃபிளாய்டின் ராஜர் வாட்டர்ஸ் எழுதியபோது அது சின்னத் துணுக்கு. நடன விடுதித் தாளத்தைப் போடச் சொன்னவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். ஒரே சரணம்தான் இருந்தது. அதையே நகலெடுத்து ஒட்டி, இரண்டாம் முறை லண்டனில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். டேவிட் கில்மோரின் கிதார் வரும் இடம் மட்டும் அற்புதம். மற்றபடி ஒரே இடத்தில் நிற்கும் பாட்டு. ஏழாம் இடம் போதும் என்றேன். அதற்கு அவர், "அந்தப் பிள்ளைகள் லண்டனில் பாடினார்கள். நாங்கள் இங்கே பாடினோம். பாடியதற்கு அடி வாங்கினோம்" என்றார். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

1980 ஏப்ரலில் கேப் டவுனில் தொடங்கிய பள்ளிப் புறக்கணிப்பு டர்பனின் இந்தியப் பள்ளிகளுக்கும் பரவியது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. நிறத்துக்கு ஒரு கல்வி என்று வைத்திருந்த அரசுக்கு எதிராக, 'எங்களுக்குக் கல்வி தேவையில்லை' என்று தொடங்கும் அந்தப் பாட்டை மாணவர்கள் பாடினார்கள். மே மாதம் அரசு பாட்டைத் தடை செய்தது. நான் பிறந்ததே அதற்குப் பிறகு. எனக்கு அது படித்துத் தெரிந்தது. அவருக்கு அப்போது பதினாறு வயது.

ஓட்டு விவகாரம் அத்தோடு முடிந்தது. ஏழாம் இடத்தை அவர் மறுபடி கிளறவில்லை. என்னை உறுத்துவது அதுவும் அல்ல. பட்டியல் என்றால் யாரோ ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும். உறுத்துவது அதற்குப் பிறகு வந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒருவர் 40 விநாடி பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஏழாம் பாட்டுக்கு அவரையே பேசச் சொன்னேன். சமாதானமாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் பதிந்து கொடுத்தது 2 நிமிடம் 10 விநாடி.

ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தார். அவர் சொன்னது இது. அந்தப் பாட்டு உள்ள 'த வால்' இசைத்தட்டு அவர்கள் வீட்டில் இருந்தது. தடை வந்ததும் அவர் அம்மா தட்டை உறையிலிருந்து எடுத்து, உறையை அடுப்பில் போட்டுவிட்டு, தட்டை முருகன் பாடல்கள் தட்டின் உறைக்குள் செருகி விளக்கு மாடத்தில் சாமி படங்களோடு நிறுத்தி வைத்தார். மகன் பள்ளிக்கூடத்தில் பாடிய விஷயம் தெரிந்து ஒருநாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அலமாரியைக் கலைத்தார்கள். ஒருவர் விளக்கு மாடத்தருகே வந்து அந்த உறையைக் கையில் எடுத்தார். வேலோடு நிற்கும் முருகனைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு அம்மா ஒன்றும் பேசாமல் சூடம் ஏற்றி அந்த உறைக்குக் காட்டினார். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தேதான் காட்டினார். அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் காட்டினார்.

இந்த இடத்தில் அவர் நிறுத்துகிறார். பதிவில் நான்கு விநாடி மௌனம். நாற்காலி லேசாகக் கிரீச்சிடுகிறது. பிறகு, "ஆகவே இந்தப் பாட்டை நான் எங்கே வைப்பேன் என்று கேட்காதீர்கள்" என்று முடிக்கிறார்.

நான் அதை 40 விநாடியாக்கினேன். பாட்டு வந்த ஆண்டு, எழுதியவர், லண்டன் பிள்ளைகள், தடை, புறக்கணிப்பு எல்லாம் இருந்தன. அம்மா இல்லை.

ஏன் என்று என்னைக் கேட்டால் நேரம் என்பேன், அது பொய் அல்ல. மணிக்கு மணி செய்தி, விளம்பரம், நேயர் அழைப்புகள் எல்லாம் போக மிச்சம் இருக்கும் நேரத்துக்குள்தான் பத்துப் பாடல்களும். ஒருவருக்கு 2 நிமிடம் கொடுத்தால் மற்ற ஒன்பது பேரும் கேட்பார்கள். வானொலியில் எடிட் செய்வது அவமரியாதை இல்லை. என் பேச்சை நானே நூறு முறை வெட்டியிருக்கிறேன். வெட்டியதை ஒலிபரப்புக்கு முன்பு அவருக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும், உண்மை. அன்று நேரமில்லை. இதையும் நேரத்தின் மேல் போடுகிறேன் என்பது எழுதும்போதுதான் தெரிகிறது.

அந்தக் காலத்தில் இந்நாட்டு அரசு ஒலிபரப்பின் நூலகத்தில், ஆகாத பாட்டு என்று முடிவானால் தட்டில் அந்தப் பாட்டின் தடத்தின் மேல் கூரான முனையால் கீறிவிடுவார்கள். ரொட்ரிகஸின் 'சுகர் மேன்' பாட்டை அப்படிக் கீறிய தட்டு பின்னால் உலகப் புகழ் பெற்றது. முள்ளை வைத்தால் துள்ளி ஓடிவிடும். நான் செய்தது அது அல்ல. நான் அவரைத் தடுக்கவில்லை, பேசவிட்டேன், அவர் பெயரைச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைப்பதே அந்தக் காலத்தில் அடி வாங்கியவர்களுக்குச் செய்யும் அநியாயம். இருந்தும், கீறல் விழுந்த தட்டின் படத்தை எங்கே பார்த்தாலும் என் திரையில் நான் நீலமாகத் தேர்ந்தெடுத்து அழித்த அந்த அலைக்கோடுகள் நினைவுக்கு வருகின்றன.

ரோலிங் ஸ்டோன் பட்டியலைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். முதல் மூன்றும் என்ன? 'ரெஸ்பெக்ட்', பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்', சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்'. மூன்றும் தங்கள் மக்களின் போராட்டத்தைச் சுமந்த பாட்டுகள். ஓட்டுப் போட்டவர்கள் இசையறிவு இல்லாதவர்கள் அல்லர். அவர்களும் தங்கள் பதினாறு வயதுக்குத்தான் போட்டார்களா? அல்லது பாட்டு என்பதே அது எங்கெல்லாம் பாடப்பட்டதோ அதையும் சேர்த்ததுதானா? அப்படியென்றால் சன் சிட்டியும் 'போஹீமியன் ராப்சடி'யின் பகுதியாகிவிடும். அதை ஏற்க எனக்கு முடியவில்லை. 1984-இல் ஒருவர் செய்த தவறு 1975-இன் நாடாவுக்குள் எப்படிப் போகும்? இன்று மறுபடி வரிசை போடச் சொன்னாலும் அதுதான் என் முதலிடம். அவருடைய பாட்டை ஏழிலிருந்து ஏற்றுவேனா என்றால், சில நாள் ஏற்றுவேன், சில நாள் மாட்டேன்.

2022 மார்ச்சில் நூலகப் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். எல்லாம் கணினிக்குப் போய்விட்டது, ஆள் தேவையில்லை என்றார்கள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. கடைசி நாளில் சமோசாவும் குளிர்பானமும் வைத்தார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம் தமிழில், "அந்த நிகழ்ச்சி நன்றாக வந்திருந்தது மகளே" என்றார். கேட்டாரா, கேட்காமலே சொன்னாரா என்பதை என்னால் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அழைக்கிறேன். ஸ்டூடியோ ஏசியைச் சரி செய்தார்களா என்று விசாரிக்கிறார். மூட்டுவலி பற்றிச் சொல்கிறார். பாட்டைப் பற்றி இருவரும் எடுப்பதில்லை. எங்கள் தமிழில் இப்போது சண்டை இல்லை.

வெட்டாத பதிவு என்னிடம் இருக்கிறது. சென்ற வாரம் இரவுப் பணியில் அதைத் திறந்தேன். அவர் அம்மா உறையை அடுப்பில் போடுவதிலிருந்து சூடம் காட்டும் வரை மட்டும் தேர்ந்தெடுத்து, எத்தனை விநாடி என்று முதல் முறையாகப் பார்த்தேன். 31. ஆண்டையும் எழுதியவரையும் லண்டன் பிள்ளைகளையும் விட்டிருந்தால் 40-க்குள் ஒன்பது விநாடி மிச்சம் இருந்திருக்கும். அந்த மௌனத்துக்கு நான்கு போதும்.