கையைத் தட்டிவிட்ட பேத்தி

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டில் கண் பரிசோதகராக வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கும்போதே, "பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள் மிஸ், எல்லா எழுத்தையும் படித்தானாம்" என்பார்கள். பள்ளியில் நடக்கும் அந்தச் சோதனை மிகவும் தேவையானது. தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும். ஆனால், 1862இல் ஹெர்மன் ஸ்நெல்லன் உருவாக்கிய எழுத்து அட்டை தூரத்தில் உள்ளது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டுமே அளக்கும்.

தூரப்பார்வைக் கோளாறு, அதாவது கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண் அதிகம் சிரமப்படும் குறை, உள்ள பிள்ளைகள் பலர் இயல்பான பார்வைக்கு அடையாளமான 6/6 வரியைத் தடுமாறாமல் படித்துவிடுவார்கள். சிறு வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எளிதில் வளைந்துகொடுக்கும். தசையை இறுக்கி எப்படியோ சமாளித்துவிடுவார்கள். புத்தகத்தை எடுத்தால் அந்தத் தசைக்கு இரட்டிப்பு வேலை. சற்று நேரத்தில் கண் வலிக்கும், வரி தப்பும், பிள்ளை எழுந்து ஓடும். வீட்டில் அதற்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று பெயர். அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரு பாட்டி ஐந்து வயதுப் பேத்தியை அழைத்து வந்தார். பேத்தியின் இடக்கண்ணை மூடினேன். வீடு, ஆப்பிள், வட்டம் என்று பட அட்டையில் இருந்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னாள். வலக்கண்ணை மூடினேன், என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடியபோது முகத்தைத் திருப்பி விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"அடம் பிடிக்காதே, மிஸ் சொல்கிறபடி கேள்" என்று பாட்டி அதட்டினார்.

அது அடம் இல்லை. தெரிகிற கண்ணை மறைத்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் ரெட்டினாஸ்கோப் கருவியின் ஒளியை அசைத்துப் பார்த்தேன். இரண்டு கண்களின் பவருக்கும் பெரிய வித்தியாசம். மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருந்த இடக்கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். பார்ப்பதற்கு இரண்டு கண்களும் நேராக, அழகாகத்தான் இருந்தன. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய பிள்ளை எதைக் குறையென்று சொல்லும்?

ஈப்போவில் உள்ள கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அங்கே சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தி, சரியான பவரைக் கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். பிறகு, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மூடி வைக்கச் சொன்னார்கள். ஏழு வயதுக்குள் தொடங்கினால் இந்தச் சிகிச்சைக்குப் பலன் அதிகம். அப்பா, அம்மா இருவரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் பொறுப்பு பாட்டியின் தலையில் விழுந்தது. மறுபடி என்னிடம் வந்தபோது, வண்ணம் தீட்டக் கொடுத்து, பேத்தி அதில் மூழ்கியிருக்கும்போதே கண்ணை மூடி ஒட்டிவிடுவதாகச் சொன்னார். எனக்கும் அதைவிட நல்ல வழி தோன்றவில்லை.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "இவள் தம்பிக்கு மூன்று வயதுதான். எழுத்தே தெரியாது. அவனையும் பார்க்க முடியுமா?"

"எழுத்து வேண்டாம் பாட்டி, படம் போதும். உடன்பிறந்தவர்களுக்கும் இது வரலாம். சனிக்கிழமை காலையில், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு அழைத்து வாருங்கள்."