இங்கிலாந்து கால்பந்து அணி லிவர்பூல் 2022-23-ல் ஏன் சரிந்தது?

அப்போதைய பயிற்சியாளர் க்ளாப்பிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முந்தைய பருவத்தில் அந்த அணி 63 ஆட்டங்கள் ஆடிக் களைத்திருந்தது. எதிரணியின் பக்கத்திலேயே பந்தைப் பறிக்க மேலேறி அழுத்தும் க்ளாப்பின் ஆட்டத்தில் முன்வரிசையும் நடுக்களமும் ஒன்றாகப் பாய வேண்டும். நடுக்களத்தில் ஒருவர் அரை நொடி பிந்தினால் போதும், எதிரணி ஒரே பாஸில் தாண்டிவிடும். ஏறி நிற்கும் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. நடுக்கள வீரர்கள் ஹெண்டர்சனும் ஃபபின்யோவும் அந்த அரை நொடியை இழந்திருந்தார்கள். ஜனவரியில் பிரைட்டன் அணியிடம் 3-0 தோல்வி, பார்க்கவே வேதனை.

கோப்பை வென்று தந்தவர்களை உட்காரவைக்க யாருக்கு மனசு வரும்? நீண்டகாலப் பயிற்சியாளரின் சிக்கலே இதுதான். முன்பு ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியிலும் க்ளாப்பின் 7-வது பருவம் 7-ஆம் இடத்தில்தான் முடிந்தது. லிவர்பூலில் 2023 கோடையில் நடுக்களத்தையே மாற்றினார்கள். அடுத்த பருவத்தில் 3-ஆம் இடம், லீக் கோப்பையும் வந்தது.