ஒரு வெள்ளி கிளினிக்குக்கு நாற்பது வெள்ளி வாடகைக் கார்

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) அங்கே போய்வர வாடகைக் காருக்கு நாற்பது வெள்ளி. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள அம்மா, மருத்துவரைப் பார்க்கக் குறித்துக் கொடுத்த மூன்று தவணைகளுக்குப் போகாமல் இருந்துவிட்டார். கால் கட்டைவிரலில் புண் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "நீ லீவு போட்டால் உன் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று சொல்லவில்லை" என்றார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். ரப்பர் காலத்தில் தோட்டத்திலேயே டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார். தோட்ட முதலாளியின் மருத்துவப் பொறுப்பைச் சொல்லும் 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. ஆனால் அது வேலையில் இருப்போருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும்தான். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு மலிவுவிலை வீட்டுக்கு வந்துவிட்ட முதியவர்களுக்கு யார் பொறுப்பு? பக்கத்துக் கிராமக் கிளினிக்கில் தாய்சேய் கவனிப்பு நன்றாகவே நடக்கிறது. இனிப்புநீருக்கு மருத்துவரைப் பார்க்க 26 கிலோமீட்டர் போக வேண்டும்.

முதலில் கோவிலில் கையெழுத்து வாங்கி, ஏழைகளுக்கு உதவுங்கள் என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினோம். ஐந்து மாதம் பதில் இல்லை. நேரில் போனால், கடிதமே வரவில்லை என்றார்கள். முகப்பில் இருந்த பெண் மட்டும் கேட்டார்: "எத்தனை நோயாளிகள்? எத்தனை பேர் தவணைக்கு வருவதில்லை?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடியது.

தோட்டத்தில் ஆயாவாக (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக) இருந்த அக்காவும் நானும் வீடு வீடாகப் போனோம். நான் மட்டும் போயிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தாமானில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவர் அவர். ஒரு தாத்தா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார், அடுத்த தவணைவரை வர வேண்டுமாம். இன்னொரு வீட்டில் குளிர்பெட்டி பழுது. இன்சுலின் பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவர்கள் ஊருக்குப் போனால் ஊசியும் இல்லை. சிகிச்சைப் புத்தகத்தைப் பார்த்துத் தவறிய தவணைகளை எண்ணினோம். 58 நோயாளிகள். அவர்களில் 23 பேர் ஆறு மாதமாகப் போகவே இல்லை.

இரண்டாவது கடிதம் மலாய் மொழியில், ஒரே பக்கம். பெயர்கள் இல்லை, எண்ணிக்கை, தூரம், பஸ் நேரம் மட்டும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு என்பதையும் சேர்த்தோம். கேட்டது ஒன்றுதான்: மாதம் ஒருமுறை மருத்துவக் குழு. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்து, எங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கினோம். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி போனது.

ஏழு வாரத்தில் அதிகாரி வந்து கோவில் மண்டபத்தைப் பார்த்தார். தண்ணீர், கழிப்பறை, மறைவாகப் பேச ஓர் அறை கேட்டார். இளைஞர்கள் ஒரே வாரத்தில் பலகை அடித்துக் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை குழு வருகிறது. அம்மாவின் புண் ஆறிவிட்டது.

கண் பரிசோதனைக்கு இன்னும் டவுனுக்குத்தான் போக வேண்டும். வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களின் வாகனச் செலவை அக்கா நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார்.