நெல்மூட்டையும் மனுசியும் ஒரு கிளச்சும்

மூன்று கிழமையாக என் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் எண்பது, ஓட்டத்தில் முப்பது. முறுக்க முறுக்க எஞ்சின் ஊளையிடுகிறது. பின்சில்லோ இது யாரோ வீட்டுச் சண்டை என்பது போல ஆறுதலாக உருள்கிறது. சிடி 125. வயதைக் கேட்காதீர்கள், அப்பாவின் வயதைக் கேட்டால் வருகிற அதே கோபம்தான் எனக்கும் வரும்.

முதலில் பிடித்தது அப்பாதான். விறாந்தையில் சாய்ந்திருப்பவருக்குக் காது பாதிதான் கேட்கும். அப்படியும் நான் கேற்றைத் தாண்ட முதல், "டேய், சத்தம் முன்னுக்குப் போகுது, நீ பின்னுக்கு நிக்கிறாய்" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் மனுசன் பெரிய மெக்கானிக். அடுத்த மூச்சில், "காபரேற்றருக்குள்ள தண்ணி" என்றார்.

அப்பாவுக்கு எல்லா வருத்தமும் காபரேற்றர்தான். யுத்த நேரம் வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவர். சூப்பிப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கோயில் சாம்பிராணி மாதிரிப் புகை கிளப்பிக்கொண்டு போவார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்க வரிசையில் நின்று அழுதபோதும், "நாலு லீற்றரோ? நாங்கள் நாலு சொட்டில குடும்பம் நடத்தினாக்கள்" என்று சிரித்தவர். அந்தக் கதை தொடங்கினால் எனக்கு வேலைக்குப் போக முடியாது. ஆகவே காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். பலன் இல்லை.

முன்வீட்டு மாமா செயின் என்றார். செயினை இறுக்கினேன். மருமகன் போனில் யாரோ ஒருவரின் வீடியோவைக் காட்டி, "பிஸ்டன் ரிங் போயிட்டுது மாமா" என்றான். ரிங் போனால் புகைக்க வேண்டாமா என்று கேட்டேன். அடுத்த வீடியோவைத் தேடினான். பிளக்கும் மாற்றினேன், எதற்கென்று இன்றுவரை தெரியாது. எல்லாம் செய்துவிட்டுத் தனியே ஓடிப் பார்த்தால் வண்டி நல்லபிள்ளை மாதிரி ஓடுகிறது. சரி, சுகமாகிவிட்டது என்று நம்பினேன்.

நம்பினதற்குக் காரணம் இந்தக் கிளிநொச்சி மண். இங்கே தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அது கொஞ்ச நேரம் யோசிக்கும். ஏற்றம் இருந்தால்தானே வண்டியின் வண்டவாளம் தெரியும்? எங்களுக்கு மலை என்று சொல்ல இருப்பது இரணைமடுக் குளக்கட்டு ஒன்றுதான்.

போன கிழமை வெள்ளிக்கிழமை மனுசியோடு குளத்தடிக் கனகாம்பிகை அம்மன் கோயிலுக்குப் போனேன். அவள் அங்கே போனால் குளக்கட்டில் ஏறித் தண்ணீரைப் பார்க்காமல் வீடு திரும்பமாட்டாள். குளம் நிரம்பி 36 அடி வந்துவிட்டதா என்று ஏதோ இவள்தான் நீர்ப்பாசனப் பொறியியலாளர் மாதிரி. ஏறத் தொடங்கினோம். பாதியில் எஞ்சின் அலறியது, அட்டை கருகின மாதிரி ஒரு மணம் வந்தது, வண்டி நின்றது. நின்றதோடு விட்டால் பரவாயில்லை, மெல்லப் பின்னுக்கு வரத் தொடங்கியது. அவள் குதித்து இறங்கினாள். அவள் இறங்கினதும் வண்டி துள்ளிக்கொண்டு மேலே ஏறியதே, அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பயமே அதுதான்.

அடுத்த நாள் மகனையும் ஏற்றிக்கொண்டு கறாஜ் தம்பியிடம் போனேன். அவன் முன்சில்லை வேப்பமரத்தில் முட்டக்கொடுத்து, இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டான். எஞ்சின் அணைந்தது. "இப்ப பிடிக்குது" என்றான். பிறகு றோட்டில் நன்றாகச் சூடேறும்வரை ஓடிவிட்டு, கடைசிக் கியரில் திடீரென்று முறுக்கினான். அதே ஊளை. "கிளச் வழுக்குது அண்ணை. எஞ்சின்ர பலம் சில்லுக்குப் போகுதில்லை. சூடேறி, பாரமும் இருந்தாத்தான் காட்டும்." அதோடு விட்டிருக்கலாம். "அக்கா என்ன நிறை வருவா?" என்றும் கேட்டான்.

மகன் அந்தக் கேள்வியை ஒரு எழுத்துக் குறையாமல் வீட்டில் ஒப்புவித்தான். படிப்பில் இந்த ஞாபகம் இல்லை.

பின்னேரம் எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. குற்றம் இவளுடையதல்ல என்று நிரூபிக்க, ஒரு மூட்டை நெல்லைப் பின்னால் கட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினேன். மூட்டையின் நிறையைச் சொல்லமாட்டேன், அவளும் இதை வாசிப்பாள். அதே இடத்தில், அதே ஊளை, அதே மணம். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று சந்தோசத்தில் கத்தினேன்: "இஞ்ச பார், நெல்மூட்டை ஏத்தினாலும் அப்பிடித்தான் வழுக்குது!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப நானும் நெல்மூட்டையும் ஒண்டு?"

அன்றிரவு பிட்டு இருந்தது. கறி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கிளச்சைத் திறந்தான். மூடியைக் கழற்றும்போதே அந்த அட்டை மணம். பிளேட்டுகள் கறுத்து, கண்ணாடி மாதிரி மினுங்கின. இடையில் இருந்த இரும்புத் தட்டுகளில் மயில் கழுத்து நீலம். பழைய ஸ்பிரிங்குகளைப் புதியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா ரின்னின் மேல் நிமிர்த்தி வைத்தான். எங்கட ஆட்கள் எல்லாம் ஒரு நூல் கட்டை. பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். கொஞ்சம்கூடத் தொய்வில்லை. "நுனியில ஒரு சென்ரிமீற்றராவது சும்மா ஆடவேணும் அண்ணை, இல்லாட்டி கிளச் முழுசாப் பிடிக்காது. நீங்கள் எப்பவும் ரெண்டு விரலை இதில வைச்சுத்தானே ஓடுறனீங்கள்?"

ஓம், வைத்திருப்பேன். இரவில் நடு றோட்டில் படுத்து அசைபோடுகிற மாடுகளுக்கு நான் வேறெப்படி மரியாதை செய்வது?

பிறகு ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்தவன் முகம் மாறியது. "என்ன ஒயில் விட்டனீங்கள்?"

வானுக்கு வாங்கி மிஞ்சினது. சின்ன மச்சான் தந்தது. நல்ல ஒயில், விலை கூடினது என்று சொல்லித்தான் தந்தான்.

"வானுக்கு நல்லதுதான். அதில சிலதுக்கு உரசலைக் குறைக்கவெண்டே மருந்து சேர்ப்பாங்கள். வானின்ர கிளச் காய்ஞ்ச இடத்தில கிடக்கு. உங்கட கிளச் ஒயிலுக்குள்ளயே குளிக்குது. உரசாட்டி எப்பிடிப் பிடிக்கும்? போத்தலில ஜாஸோ எம்ஏ எண்டு மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான குறி இருக்கோ பாத்து வாங்குங்கோ."

சின்ன மச்சான் மனுசியின் கூடப்பிறந்த தம்பி. இந்தச் செய்தியை வீட்டில் வெளியிட நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கறாஜ் தம்பி புது பிளேட்டுகளை இரவு முழுக்க ஒயிலில் ஊறப்போட்டுப் பூட்டினான். ஸ்பிரிங்கும் புதிது. இப்போது தொட்டால் பாய்கிறது. அப்பா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "காபரேற்றர் கழுவினது நல்லதாப் போச்சு" என்றார்.

நேற்று வெள்ளி. கோயில் முடிந்து குளக்கட்டடிக்கு வந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள். புதுக் கிளச், ஏறு என்றேன். "அது பாவம், ஏறட்டும்" என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கோபமா கரிசனையா என்று இருபது வருசமாக எனக்குப் பிரித்தறியத் தெரியாத அதே குரல். அவளை விட்டுவிட்டு மேலே போய் நிற்க மனம் வரவில்லை. முதல் கியரில், அவள் நடைக்குச் சமனாக, இரண்டு விரல் கிளச்சில், உறுமி உறுமிப் பக்கத்திலேயே ஏறினேன்.

இப்படி அரைக் கிளச்சில் ஓடினால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.